கழுவாத தட்டு

ஜோப் லெகட் தன் பன்றியை, நவம்பரில் வரும் மார்ட்டின்மஸ் திருநாள் வாரத்தில் அடித்தார். பண்ணை வேலையாட்கள் பழைய இடத்தை விட்டுவிட்டுப் புது இடம் தேடிப் போகும் வாரம் அது. மூட்டையும் பெட்டியுமாகத் தெரியாத முகங்கள் வில்லர்தோர்ப் சாலையில் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன. பிறகு நடந்ததை ஊர் அத்தனை சீக்கிரம் நம்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஜோப் பெரிய பண்ணையில் வண்டியோட்டி. குதிரைகள் பண்ணைக்காரருடையவை, பன்றி அவருடையது. அந்த வித்தியாசம் அவர் நடையிலேயே தெரியும். வசந்தத்தில் குட்டியாக வாங்கி, உருளைக்கிழங்குத் தோலும் பார்லி மாவும் கலந்து கொடுத்து வளர்த்தார். ஞாயிற்றுக்கிழமை சேப்பலில் ஜெபம் முடிந்ததும் ஆண்கள் கொட்டில் சுவரில் சாய்ந்துகொண்டு, ஒன்றும் பேசாமல் அதைப் பார்ப்பார்கள். அடித்துச் சாப்பிடப் போவதற்குப் பெயர் வைக்கக்கூடாது என்பதால் ஜோப் பெயர் வைக்கவில்லை. ‘துரை’ என்று மட்டும் கூப்பிடுவார். துரைக்கு இன்று பசியில்லை என்று அவர் சொன்னால், அன்று அவரும் சரியாகச் சாப்பிடமாட்டார்.

பன்றி அடித்த வீட்டிலிருந்து அண்டை வீடுகளுக்குத் தட்டு போகும். ஈரல் கொஞ்சம், குண்டிக்காய் கொஞ்சம், நெஞ்சுக்கறி ஒரு துண்டு, அதன்மேல் லேஸ் துணிபோல வலை விழுந்த கொழுப்புச் சவ்வைப் போர்த்தி அனுப்புவார்கள். வாங்குகிறவர்கள் நன்றி சொல்லக்கூடாது. தட்டைக் கழுவக்கூடாது. கறியை எடுத்துக்கொண்டு, ரத்தமும் கொழுப்பும் ஒட்டியபடியே தட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கழுவிக் கொடுத்தால், கொடுத்த வீட்டில் உப்புக்குள் கிடக்கும் தொடையும் விலாவும் கெட்டுப்போகும். ஏன் அப்படி என்று எங்கள் ஊரில் யாரும் கேட்டதில்லை. கேட்கிற ஆள் ஒரு குளிர்காலம் முழுக்க இறைச்சி இல்லாமல் இருந்து பார்க்கட்டும்.

ஜோப்பின் மனைவி டாபித்தாவிடம் இதற்கென்றே நீலப் பூப்போட்ட தட்டுகள் இருந்தன. அவற்றில் ஒன்று விளிம்பில் நகக்கண் அளவு உடைந்தது. வாய்க்கால் கரையோரம் இருந்த மேடன்ஸ் வீட்டுக்கு அதுதான் போகும். உடைத்ததே ஈபன் மேடன்ஸ்தான். ஒரு வருஷம் தட்டைத் திருப்பிக் கொண்டு வந்தபோது படியில் வழுக்கி விழுந்து, தட்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டே முழங்காலை உடைத்துக்கொண்டான். தட்டில் ஓரம் மட்டும் போனது. அன்றிலிருந்து அது மேடன்ஸ் தட்டு.

ஈபன் காய்ச்சலில் செத்துப்போனான். அவனை அடக்கம் செய்ய அவன் மனைவி ஹெப்சி பன்றியை விற்றாள். அவளுக்கு இரண்டு பெண் குழந்தைகள். ஏழைகளுக்கென்று பாரிஷ், அதாவது திருச்சபை வட்டாரம், கொடுத்த ரொட்டியில் குடும்பம் ஓடியது. போன வருஷம் அவளுக்குத் தட்டு போனது. ஆனால் பதிலுக்கு அவள் வீட்டிலிருந்து இவர்களுக்குத் தட்டு வர வழியில்லை. இந்த வருஷம் டாபித்தா தட்டுகளை வரிசையாக அடுக்கும்போது ஜோப் பக்கத்தில் நின்று பார்த்தார்.

“பன்னி இல்லாத வீட்டுக்குத் தட்டு எதுக்கு? அவ எத வச்சுத் திருப்பித் தருவா? அவளுக்குத்தான் சங்கடம்.”

அதை அவர் இரக்கமாகத்தான் சொன்னார். டாபித்தா உடைந்த தட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஊருக்குப் புதிதாக வந்திருந்த மாவு மில்காரர் மனைவிக்கு அதில் கறி வைத்தாள். மில்காரருக்கு இரண்டு பன்றிகள்.

அன்று செவ்வாய்க்கிழமை. மதியம் சேப்பலில் தேநீர் விருந்து. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார் பேசப்போகிறார் என்பதால் ஊரே அங்கே இருந்தது. தட்டுகளைத் திரும்பி வந்து கொடுத்துக்கொள்ளலாம் என்று டாபித்தா பண்டங்கள் வைக்கும் உணவறையின் அலமாரியில் வைத்து, மேலே துணியைப் போட்டு மூடினாள். பின்கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு, பூட்டு கிடையாது. எங்கள் தெருவில் எந்தப் பின்கதவுக்கும் கிடையாது.

இருட்டும் நேரத்தில் அவர்கள் திரும்பி வந்தபோது, அலமாரியில் ஒரு தட்டைக் காணவில்லை. துணி மறுபடி ஒழுங்காக மூடப்பட்டிருந்தது. உப்புத் தொட்டியில் இருந்த தொடைகளை யாரும் தொடவில்லை. மேஜைமேல் வைத்திருந்த வெண்ணெயைத் தொடவில்லை. ஜோப்பின் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு ஆணியில் தொங்கியபடியே இருந்தது.

ஜோப் தட்டு போன இடத்தைக் கையால் தடவிப் பார்த்தார். துரையின் ஈரலை எவனோ முகம் தெரியாதவன் தின்றுவிட்டான் என்பதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது. அவர் நேராகக் கான்ஸ்டபிள் எல்விட்ஜ் வீட்டுக்குப் போனார். தட்டில் என்னென்ன இருந்தது, ஒவ்வொன்றும் எவ்வளவு பெரியது என்று கையை விரித்துக் காட்டிச் சொன்னார்.

ஆள் கிடைக்க அதிக நேரம் ஆகவில்லை. பக்கத்து வீட்டு சூசன் ப்ரம்மிட் கால்வலி என்று தேநீர் விருந்துக்குத் தாமதமாகக் கிளம்பியிருந்தாள். லெகட் வீட்டுப் பின்கதவை ஓர் ஐரிஷ்காரன் தட்டிக்கொண்டு நின்றதைத் தான் பார்த்ததாக அவள் சொன்னாள். எல்விட்ஜ் விளக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பழைய செங்கல் சூளையில் அவனைப் பிடித்தார். டெனிஸ் டூலன் என்று பெயர். உருளைக்கிழங்கு அறுவடைக்கு வந்தவன், வேலை முடிந்து ஸ்பால்டிங்குக்கு நடந்து போய்க்கொண்டிருந்தான். அங்கே விடுதியில் அவன் மனைவி நிறைமாதமாக இருந்தாள். இருவரும் அந்த வார முடிவில் லிவர்பூலுக்கும், அங்கிருந்து கப்பலில் ஊருக்கும் போக வேண்டும். வேலை ஏதாவது உண்டா என்று கேட்கத்தான் கதவைத் தட்டியதாகவும், யாரும் வராததால் பம்பில் தண்ணீர் குடித்துவிட்டுப் போனதாகவும் அவன் சொன்னான். எல்விட்ஜ் தன் வீட்டுக்குப் பின்னால் இருந்த கல் அறையில் அவனை அடைத்தார். வியாழக்கிழமை ரெக்டர் முன்னால் நிறுத்தலாம் என்றார். ஊர்ச் சர்ச்சின் பாதிரியாரான ரெக்டர் பார்த்ராப்தான் எங்கள் பக்கத்து மாஜிஸ்திரேட்டும். திருட்டு என்று வந்தால் ஒரு மாதத்துக்குக் குறைந்து அவர் யாரையும் சிறைக்கு அனுப்பியதில்லை.

புதன்கிழமை விடியற்காலை டாபித்தா அடுப்புச் சாம்பலைக் கொட்டப் பின்கதவைத் திறந்தாள். படியில் தட்டு இருந்தது.

முதலில் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. தட்டு போனால் செட்டு குலைந்துவிடும். குனிந்து எடுத்தபோதுதான் பார்த்தாள். தட்டு கழுவப்படவில்லை. ரத்தம் காய்ந்து பழுப்பாக இருந்தது. ஓரத்தில் வெள்ளையாகக் கொழுப்பு உறைந்திருந்தது. கட்டைவிரல் தற்செயலாக விளிம்பில் உடைந்த இடத்தில் பட்டது.

சாம்பல் வாளியைக் கீழே வைத்துவிட்டு அவள் அங்கேயே நின்றாள். சாலையில் போகிற ஆளுக்குத் தட்டைத் திருப்பிக் கொண்டுவந்து வைக்கத் தோன்றாது. தோன்றினாலும் கழுவித்தான் வைப்பான், அல்லது நாய் நக்கின மாதிரி துடைத்து வைப்பான். மேலும் டெனிஸ் டூலன் இரவு முழுக்கப் பூட்டிய அறைக்குள் இருந்தான். இத்தனை தட்டுகள் இருக்க, உடைந்ததை மட்டும் தேடி எடுத்துக்கொண்டு போக ஒருத்தியால்தான் முடியும்.

ஜோப் உள்ளே பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார். கதவு ஏன் திறந்தே கிடக்கிறது, குளிர்கிறது என்று குரல் கொடுத்தார். டாபித்தா தட்டைத் தோள் சால்வைக்குள் வைத்து, உணவறைக்குப் போய், பெரிய மாவுக் கிண்ணத்துக்கு அடியில் கவிழ்த்து வைத்தாள். கழுவவில்லை.

அவர் வேலைக்குப் போனதும் வாய்க்கால் கரைக்கு நடந்தாள்.

ஹெப்சி வாசற்படியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தேய்த்துக்கொண்டிருந்தாள். டாபித்தாவைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. உள்ளே குழந்தை இருமியது. வீட்டில் வெங்காயமும் ஈரலும் வதக்கிய வாசனை இன்னும் போகவில்லை. டாபித்தாவுக்கு அதற்குமேல் ஒன்றும் கேட்கத் தேவை இருக்கவில்லை. ஆனாலும் பேச்சை எடுத்தாள்.

“தட்டு வந்துச்சு.”

“வச்சது நான்தான். கழுவல.”

“பாத்தேன்.”

ஹெப்சி கிழங்கை வாளியில் போட்டாள். “சின்னதுக்கு இருமல், அதான் சேப்பலுக்கு வரல. போன வருஷம் எந்நேரத்துக்கு வந்துச்சோ அந்நேரம் வரைக்கும் பாத்தேன். வரல. சரி, வீட்டுல ஆள் இருந்தா என்னன்னு கேக்கலாம்னு வந்தேன். ஆள் இல்ல. துணியத் தூக்கிப் பாத்தேன், ஈபன் உடச்ச தட்டு இருந்துச்சு. நெறச்சு வச்சிருந்துச்சு. எங்க தட்டுத்தானேன்னு எடுத்துட்டு வந்தேன்.”

“அது மில்காரர் வீட்டுக்கு வச்சது, ஹெப்சி.”

 ஹெப்சி கையிலிருந்த மண்ணைப் பாவாடையில் துடைத்தாள். தட்டு தனக்கு என்றுதான் நினைத்தாளா, இல்லை என்று தெரிந்தே எடுத்தாளா என்பது டாபித்தாவுக்குக் கடைசிவரை தெரியவில்லை. ஹெப்சிக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்.

“மில்காரிக்கு நம்ம தட்டா?” என்றாள் ஹெப்சி கடைசியில். “அவ கழுவித் தந்திருப்பா. அவ ஊர் நாட்டிங்ஹாம்.”

டாபித்தாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். பிறகு ஐரிஷ்காரனைப் பற்றிச் சொன்னாள். ஹெப்சி கரையோரமாக இருந்ததால் அது அவள் காதுக்கு வந்திருக்கவில்லை. கேட்டதும் சால்வையை எடுக்க எழுந்தாள். ரெக்டரிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றாள்.

டாபித்தா அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். பாரிஷ் ரொட்டி யாருக்கு என்று முடிவு செய்யும் கூட்டத்திலும் அதே ரெக்டர்தான் உட்காருகிறார். நடத்தை சரியில்லாதவர்களுக்கு ரொட்டி கிடையாது. ரொட்டி நின்றால் ஏழை விடுதி. அங்கே தாய் ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். இதெல்லாம் இருவருக்கும் தெரியும். ஆனாலும் டாபித்தா ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

“நாளைக்கு நான் சாட்சி சொல்லப் போறேன்ல, நான் பேசிக்கறேன். நீ வாயத் தொறக்காத.”

“என்ன பேசுவ? பைபிள் மேல கைய வச்சு என்ன பேசுவ?”

டாபித்தா வாளியிலிருந்த கிழங்குகளைப் பார்த்தாள்.

“நானும் வந்து நிப்பேன்,” என்றாள் ஹெப்சி. “அந்த ஆளுக்கு ஜெயிலுன்னு சொன்னாங்கன்னா நான் சொல்லிடுவேன் டாபித்தா. அவன் பொண்டாட்டிக்குப் பேறுகாலம்னு சொல்ற. என்னால அத முழுங்கிட்டு இருக்க முடியாது.”

அன்று மாலை ஜோப்பிடம் சொல்லிவிடலாம் என்று டாபித்தா நினைத்தாள். அவர் தொடைகளுக்கு உப்புத் தேய்த்துக்கொண்டிருந்தார். எலும்பை ஒட்டிய இடத்தில் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்தார். அந்த ஐரிஷ்காரனுக்கு ஒரு மாதம் போதாது, துரையைத் தின்றவனுக்கு மூன்று மாதம் கொடுக்க வேண்டும் என்று தொட்டிக்குள் குனிந்தபடியே சொன்னார். அவள் சொல்லவில்லை.

வியாழக்கிழமை விசாரணை ரெக்டரின் சாப்பாட்டு அறையில் நடந்தது. பெரிய மேஜையின் ஒரு முனையில் ரெக்டர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பைபிள். எல்விட்ஜ் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு டெனிஸ் டூலனுக்குப் பக்கத்தில் நின்றார். சூசன், ஜோப், டாபித்தா மூவரும் சாட்சிகள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கதவருகே நின்றார்கள். ஹெப்சி அவர்களுக்குப் பின்னால், சுவரோடு சுவராக நின்றாள். ரெக்டர் கென்ட் பக்கத்துக்காரர். எங்கள் ஊரில் பல வருஷம் இருந்தார். ஆனால் அவருக்குப் பன்றித் தட்டு யாரும் அனுப்பியதில்லை. அவர் அளவுக்குப் பெரியவர்களுக்கு அனுப்புவது மரியாதை இல்லை என்று ஊர் நினைத்தது.

சூசன் தான் பார்த்ததைச் சொன்னாள். டெனிஸ் கதவைத் தட்டியதை ஒப்புக்கொண்டான். மற்றதை மறுத்தான். அவன் குரல் சன்னமாக இருந்தது. ரெக்டர் பேனாவை மையில் தோய்த்தார். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். கதவருகே ஹெப்சி ஓர் அடி முன்னால் வந்தாள்.

டாபித்தாவைக் கூப்பிட்டார்கள். அவள் பைபிள்மேல் கை வைக்கும் முன்பு, சால்வைக்குள்ளிருந்து தட்டை எடுத்து மேஜைமேல், ரெக்டருக்கு எதிரில் வைத்தாள்.

“தட்டு திரும்பி வந்துடுச்சு ஐயா. நேத்து விடியக்காலம் பின்படியில இருந்துச்சு.”

ரெக்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தட்டைப் பார்த்தார். மூக்கை லேசாகச் சுளித்தார். “கழுவக்கூட இல்லை,” என்றார். “திருடியதோடு நிற்காமல் கேலியும் செய்திருக்கிறான். இவனுக்குக் கூட்டாளி யாரோ இருக்கிறார்கள், எல்விட்ஜ்.”

 எல்விட்ஜ் தட்டைப் பார்த்தார். பிறகு தொப்பிக்குள் ஏதோ எழுதியிருப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் இந்தப் பக்கத்து ஆள்தான். சூசன் ப்ரம்மிட் வாயைத் திறந்தாள், உடனே மூடிக்கொண்டாள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் காலடியைப் பார்த்தார்கள். அந்த அறையில் விஷயம் புரியாமல் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் தீர்ப்புச் சொல்லப் போகிறவர், மற்றவன் அதை அனுபவிக்கப் போகிறவன்.

ஜோப் நாற்காலியிலிருந்து எழுந்து மேஜைக்கு வந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. தட்டின்மேல் குனிந்தார். காய்ந்த ரத்தத்தைப் பார்த்தார், கொழுப்பைப் பார்த்தார், விளிம்பில் உடைந்த இடத்தைப் பார்த்தார். அவர் மனைவியை நிமிர்ந்து பார்த்தபோது அவள் கண்ணை விலக்கவில்லை.

ரெக்டர் டாபித்தாவின் பக்கம் பைபிளைத் தள்ளினார். “மிஸஸ் லெகட், நீங்கள் யாருக்கும் இந்தத் தட்டை அனுப்பவில்லை. வீட்டில் ஆள் இல்லாதபோது இது திருடப்பட்டது. அப்படித்தானே? கையை வைத்துச் சொல்லுங்கள்.”

டாபித்தா கையை வைத்தாள். சொல்ல வாய் வரவில்லை.

“அவளுக்குத் தெரியாது ஐயா,” என்றார் ஜோப். “தட்ட நான் கொண்டு போயிக் குடுத்தேன்.”

ரெக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

“யாரிடம்?”

“ஹெப்சி மேடன்ஸ்கிட்ட. வருசா வருசம் அது அவங்க வீட்டுக்குப் போறதுதான். சேப்பலுக்குப் போற வழியில குடுத்தேன். குடுத்தத மறந்துட்டேன்.”

ஈரல் எவ்வளவு பெரிது என்று கான்ஸ்டபிளிடம் கையை விரித்துக் காட்டிய ஆள், அதை யாரிடம் கொடுத்தோம் என்பதை மட்டும் எப்படி மறந்தார் என்று ரெக்டர் கேட்டார்.

“பன்னி அடிச்ச வாரம் ஐயா. அந்த வாரம் எனக்குத் தல சரியா இருக்காது.”

கதவருகே யாரோ இருமினார்கள். ரெக்டர் அதே வார்த்தைகளைப் பைபிள்மேல் கை வைத்துச் சொல்ல முடியுமா என்றார். ஜோப் அடுப்புத் தகட்டைத் தொடுவதுபோல விரல் நுனியால் தொட்டார். பிறகு உள்ளங்கை முழுவதையும் வைத்து, முதலில் சொன்னதையே ஒரு வார்த்தை மாறாமல் சொன்னார். வில்லர்தோர்ப் சேப்பலில் ஜோப் லெகட் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. அவருக்குப் பழக்கமில்லாத வேலை என்பது அவர் காது சிவந்ததிலேயே தெரிந்தது. ரெக்டர் அதை அவமானம் என்று எடுத்துக்கொண்டார்.

அடுத்து ஹெப்சியை முன்னால் வரச் சொன்னார். தட்டு அவளுக்கு வந்ததா என்று கேட்டார்.

“அது எங்க வீட்டுக்கு வர்ற தட்டுதான் ஐயா. நானும் பிள்ளைகளும் சாப்பிட்டோம். மறுநா நான்தான் கொண்டுபோயி வச்சேன்.”

“அப்படியானால் ஏன் யாரிடமும் சொல்லவில்லை?”

“தட்டுக்கு நன்றி சொல்லக் கூடாதுங்கய்யா.”

ரெக்டர் தன் சர்ச்சுக்கு வராத சேப்பல்காரர்களைப் பற்றி ஏற்கெனவே வைத்திருந்த அபிப்பிராயத்தை அன்று இன்னும் கொஞ்சம் உறுதிப்படுத்திக்கொண்டார். ஒரு மனிதனை இரண்டு இரவு பூட்டி வைத்ததற்கும், ஒரு கான்ஸ்டபிளை அலைக்கழித்ததற்கும், தன் காலைப்பொழுதைக் கெடுத்ததற்கும் ஜோப்பை நிற்கவைத்துத் திட்டினார். கிழவிகளைப்போல மறதி வந்துவிட்டதென்றால் குதிரைகளை எப்படி நம்பி ஒப்படைப்பது என்று பண்ணைக்காரரிடம் பேசப்போவதாகவும் சொன்னார். ஜோப் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். டெனிஸ் டூலனைப் போகச் சொல்லிவிட்டார்கள்.

டெனிஸ் வாசலில் தொப்பியை மாட்டிக்கொண்டு ஜோப்பின் முன்னால் வந்து நின்றான். கோபமாகப் பேசப் போகிறான் என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள்.

“ரெண்டு ராத்திரி கல்லுமேல படுத்தேன் அண்ணே. அந்தத் தட்டுல என்னதான் இருந்துச்சுன்னாவது சொல்லுங்க.”

ஜோப் சொன்னார். ஈரலிலிருந்து ஆரம்பித்து ஒன்றுவிடாமல் சொன்னார். அவன் கடைசிவரை கேட்டுவிட்டு, பரவாயில்லை, திருடியிருந்தாலும் தகும் என்றான். டாபித்தா அவனை நிற்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடிப்போய், ஒரு துண்டு விலாக்கறியை முட்டைக்கோஸ் இலையில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் நன்றி சொன்னான். அவனுக்குத் தெரியாது. யாரும் திருத்தவில்லை. அவன் ஸ்பால்டிங் சாலையில் வேகமாக நடந்து போனான்.

அப்போதுதான் டாபித்தாவுக்குத் தட்டு நினைவுக்கு வந்தது. மேஜையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டாள். அவளும் ஜோப்பும் ரெக்டர் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் போய்க் கேட்டார்கள். வேலைக்காரப் பெண் லூயிசா, லண்டனிலிருந்து வந்து எங்கள் ஊரில் இன்னும் ஒரு குளிர்காலம்கூடப் பார்க்காதவள், சிரித்த முகமாகத் தட்டைக் கொண்டுவந்தாள். இரண்டு கையாலும் பிடித்துக் கொடுத்தாள்.

“ரொம்ப ஒட்டிக்கிட்டு இருந்துச்சும்மா. சோடா போட்டு வெந்நீர்ல தேய்ச்சேன். இப்பப் பாருங்க.”

தட்டு பளபளவென்று இருந்தது. நீலப் பூக்கள் புதிதாகப் பூத்தவைபோல் தெரிந்தன. டாபித்தா அதை வாங்கிக்கொண்டு, அந்தப் பெண்ணிடம் ஏதோ நல்ல வார்த்தை சொன்னாள். இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். ஜோப் நேராக உணவறைக்குப் போய் உப்புத் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தார். கறி இருந்த மாதிரியே இருந்தது. அவர் இன்னும் ஒரு பிடி உப்பை அள்ளிப் போட்டார்.

அன்றிலிருந்து ஊரில் ஜோப்புக்கு ஒரு புதுப் பெயர் கிடைத்தது. குதிரை லாயத்தில் பையன்கள் அவரிடம், குதிரைக்குத் தண்ணீர் காட்டினீர்களா, இல்லை மறந்துவிட்டீர்களா என்று கேட்பார்கள். சேப்பலில் காணிக்கைத் தட்டு அவரிடம் வரும்போது பக்கத்தில் இருப்பவர், இதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் ஜோப் என்று காதில் சொல்வார். உண்மை தெரிந்தவர்கள்தான் அதிகம் கேலி செய்தார்கள். அப்படிச் செய்தால்தான் அவர் சொன்னது உண்மையாக இருக்கும் என்பதுபோல. ஜோப் எதற்கும் பதில் சொன்னதில்லை. ஹெப்சியின் ரொட்டி நிற்கவில்லை.

டாபித்தா ஒரே ஒருமுறை அவரிடம் கேட்டாள், அன்று ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று. 

“அவ தட்டக் கழுவலயே,” என்றார்.

உப்பிலிருந்து எடுத்துத் தொங்கவிட்டிருந்த தொடைகளை ஈஸ்டருக்கு இறக்கினார்கள். உத்தரத்திலிருந்து கயிற்றை அவிழ்த்து மேஜைமேல் வைத்து, ஜோப் எலும்பை ஒட்டிக் கத்தியைச் சொருகி, வெளியே இழுத்து முகர்ந்தார். மறுபடி சொருகி மறுபடி முகர்ந்தார். கத்தியை டாபித்தாவிடம் நீட்டினார். அவளும் முகர்ந்தாள். ஒரு தொடை நன்றாகத்தான் இருந்தது. மற்றது எலும்பு வரைக்கும் கெட்டுப்போயிருந்தது.

நவம்பரில் வெயில் அதிகம் அடித்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம், உப்பு எலும்புக்குள் இறங்கவில்லை என்றும் சொல்லியிருக்கலாம். டாபித்தாவின் கண்முன் வந்தது பைபிளின் மேல் அவர் உள்ளங்கை இருந்த காட்சி. அதை அவள் சொல்லவில்லை.

“அந்த லண்டன்காரி,” என்றார் ஜோப்.

“ஆமா, அவதான்,” என்றாள் டாபித்தா.

அவர் தோட்டத்தில் ருபார்ப் செடிகளுக்குப் பக்கத்தில் குழி வெட்டினார். அவள் தொடையை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு வந்தாள். அக்கம்பக்கத்தில் யாரும் பார்க்காதபடி அவர்கள் அதை மூடினார்கள். ஜோப் மண்வெட்டியின் முதுகால் மேலே தட்டிச் சமப்படுத்தினார். கொட்டிலில் அந்த வருஷத்துக் குட்டி, வாங்கி ஒரு வாரம்கூட ஆகாதது, சுவரில் மூக்கை உரசிக்கொண்டிருந்தது.

“வர்ற மார்ட்டின்மஸுக்கு அந்த ஓரம் ஒடஞ்ச தட்ட நீ கொண்டு போகாத,” என்றார். “பட்டப்பகல்ல, தெருவோட, ஹெப்சி வீட்டுக்கு நானே கொண்டு போறேன். நான் மறந்துட்டேன்னு அடுத்த வருசமும் ஒருத்தன் சொல்லக் கூடாது.”